பெரிய எண்களைத் துருவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பெரிய முழு எண்ணை எடுத்து, அதன் காரணிகள் என்ன, அது பகா எண்ணா, வர்க்க எண்ணா என்று துருவிப் பார்க்கப் புதிதாகப் பலர் வருகிறார்கள். நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் நாங்கள் விழுந்த அதே குழிகளில்தான் அவர்களும் வரிசையாக விழுகிறார்கள். 1 பகா எண்ணா, 91 பகா எண்ணா என்பதையெல்லாம் பள்ளிப் புத்தகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

எண் மாறிப்போனது தெரியாமல் கணக்குப் போடுவது

12345678987654321 என்ற எண்ணைப் பாருங்கள். எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதான், 111111111இன் வர்க்கம். இதன் காரணிகள் என்று நண்பர் ஒருவர் ஒரு பட்டியல் அனுப்பினார். அது 2, 2, 2, 2, 5 என்று தொடங்கியது. 1இல் முடிகிற எண்ணுக்கு 2 எப்படி ஐயா காரணியாகும்? அவர் அதைக் கவனிக்கவே இல்லை. அதற்கு நீளமாக விளக்கம் வேறு எழுதியிருந்தார்.

நடந்தது இதுதான். அவர் பயன்படுத்திய ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் சாதாரண எண்ணுக்கு 53 பிட் (இரும இலக்கம்) துல்லியம்தான் உண்டு. 2⁵³, அதாவது 9007199254740992 வரை எல்லா முழு எண்களும் பத்திரமாக இருக்கும். அதைத் தாண்டினால் இரட்டை எண்களுக்கு மட்டுமே இடம். 2⁵⁴ஐத் தாண்டினால் 4இன் மடங்குகளுக்கு மட்டும். ஆகவே நம் எண் உள்ளே போகும்போதே 12345678987654320 ஆகிவிட்டது. எக்செல் இன்னும் மோசம்: 15 இலக்கங்களை வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பூஜ்ஜியமாக்கிவிடும். இதில் எனக்கு இன்றும் எரிச்சல் தருவது, ஒரு எச்சரிக்கைகூட வராது என்பதுதான். தப்பான விடை கம்பீரமாக வந்து நிற்கும்.

ஜாவாஸ்கிரிப்ட் என்றால் பிக்இன்ட் (BigInt) என்ற பெரிய முழு எண் வகையைப் பயன்படுத்துங்கள். பைதான் மொழியில் முழு எண்ணுக்கு வரம்பில்லை. ஆனால் அங்கேயும் ஒற்றைச் சாய்கோட்டால் வகுத்தால் தசம எண்ணாகி அதே கதைதான், இரட்டைச் சாய்கோடு போடுங்கள். அப்புறம், திரையில் வந்த எண்ணின் இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள்: அசல் எண்ணுக்கு 81, மாறிய எண்ணுக்கு 80. சரியான விடை 3⁴ × 37² × 333667². மொத்தம் 45 வகுத்திகள்.

ஏழு முறை வந்தால் எட்டாவதும் வரும் என்பது

வராது. 31, 331, 3331 என்று தொடங்கி 33333331 வரை ஏழும் பகா எண்கள். 333333331 = 17 × 19607843.

ஒரே சோதனையை நம்புவது

p பகா எண் என்றால், அதனால் வகுபடாத எந்த எண்ணையும் p − 1 அடுக்குக்கு உயர்த்தி pஆல் வகுத்தால் மீதி 1 வரும். இதைப் பார்ப்பதுதான் பெர்மா சோதனை; உயர்த்துகிற எண்ணுக்கு அடி என்று பெயர். 2³⁴⁰ஐ 341ஆல் வகுத்தால் மீதி 1. சோதனையில் தேறிவிட்டது; ஆனால் 341 = 11 × 31. அடியை 3 ஆக்கினால் இது மாட்டிக்கொள்ளும். 561 அப்படியில்லை, தன்னோடு பொதுக் காரணி இல்லாத எந்த அடியிலும் தப்பித்துவிடும். பெர்மா சோதனையைவிடக் கடுமையான மில்லர்-ராபின் சோதனையை 2 முதல் 37 வரையுள்ள 12 பகா எண்களை அடியாக வைத்து ஓட்டுங்கள். 64 பிட் எண்கள் வரை அதன் தீர்ப்பு உறுதியானது.

இலக்க அழகை எண்ணின் குணம் என்பது

பத்துக்குப் பதில் வேறு அடிமானத்தில் (இரண்டு, எட்டு என்று) எழுதினால் இலக்கக் கூட்டல் மாறும். காரணிகள் மாறாது.

பகு எண் என்றால் காரணி தெரிந்திருக்கும் என்பது

2⁶⁷ − 1 பகு எண் என்று பிரெஞ்சுக் கணிதவியலர் லூகா 1876இல் காட்டிவிட்டார், ஒரு காரணியைக்கூடச் சொல்லாமல். அது 193707721 × 761838257287 என்று அமெரிக்கக் கணிதவியலர் கோல் 1903இல்தான் காட்டினார்.