ஏசுவதற்கும் ஒரு வாய் வேணும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் நாலு பேர் கூடிப் பிளேன்டி குடிக்கிற இடத்தில் நக்கலுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் வாங்கிக் கட்டிக்கொண்டவரும் சேர்ந்து சிரிக்கிற நக்கல் அபூர்வம். பெரும்பாலானவை கெட்டுப்போவது ஒரே காரணத்தால்தான்: கோபம் வந்த கையோடு வாயைத் திறப்பது. குரல் ஏறிவிட்டால் சபை உங்கள் சொல்லை விட்டுவிட்டு முகத்தைத்தான் பார்க்கும்.

அடுத்த தவறு, நேரே திட்டிவிடுவது. 'கடன்காரன்' என்று சொன்னால் கதை அங்கேயே முடிந்துவிட்டது. கல்முனைப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையில், வாங்கிய காசைத் திருப்பித் தராத ஒருவரைப் பற்றி அவர் முன்னாலேயே சொன்னார்கள்: "நம்மட அண்ணன் சொல்லு மாறாத மனுசன். போன வருசம் 'நாளைக்குத் தாறன்' எண்டார். இண்டைக்கும் அதே சொல்லுதான்." கடன் என்ற பேச்சே இல்லை, முழுக்கப் பாராட்டு. சொன்னவர் சிரிக்கக்கூட இல்லை. கோபப்பட்டால் அண்ணன்தான் மாட்டிக்கொள்வார். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. "காசைத் தந்துட்டா உங்களுக்குக் கதைக்க ஒண்டும் இருக்காதே, தம்பி" என்றார்.

இதற்கு இலக்கணத்தில் வஞ்சப்புகழ்ச்சி என்று பெயர். வள்ளுவரே செய்திருக்கிறார். கயவர்கள் தேவர்களைப் போன்றவர்கள் என்று 1073ஆம் குறளில் தூக்கி வைத்துவிட்டு, ஏனென்றால் இருவருமே நினைத்ததைச் செய்து திரிகிறவர்கள் என்று கீழே போடுகிறார். புறநானூற்று 95ஆம் பாட்டில் ஔவையாரின் வேலை இன்னும் நுட்பம். அதியமானுக்காகத் தூது போன இடத்தில் தொண்டைமான் தன் ஆயுதங்களைக் காட்டுகிறான். உன் வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் வீட்டில் அழகாக இருக்கின்றன. எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். 'உனக்குப் போர் பழக்கமில்லை' என்ற வரி பாட்டில் எங்குமே இல்லை. நம் ஆட்களாக இருந்தால் பாட்டு முடிந்த கையோடு "நான் என்ன சொல்ல வாறன் எண்டா..." என்று ஆரம்பித்திருப்பார்கள். விளக்கவுரை போட்ட நக்கல் செத்த நக்கல். சபை சிரித்ததே என்று அதையே அடுத்த கலியாண வீட்டிலும் எடுத்துவிடுகிறவர்களும் உண்டு. பாவம், அவர்களை என்ன செய்ய?

நிறம், உயரம், ஊனம், சாதி, பிள்ளையில்லாத குறை: இவற்றைத் தொடவே கூடாது. ஒருவர் மாற்ற முடியாததைச் சொல்லிக் காட்ட அறிவு எதற்கு? ஒருவருடைய செய்கையில்தான் நக்கலுக்குச் சரக்கு இருக்கிறது.

திருப்பிப் பேச முடியாதவரைப் பிடித்துக்கொள்வதும் அப்படித்தான். கடைப் பையனை முதலாளி நக்கலடித்தால் பையன் சிரிப்பான், வேறு வழியில்லை. இந்த விசயத்தில் நம் பக்கத்துக் கொம்புமுறியைப் பார்க்க வேண்டும். கண்ணகை அம்மனுக்காக ஊரே வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த இரண்டு கொம்புகளைக் கொளுவிக் கயிறு கட்டி இழுப்பார்கள். யாருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றவர்கள். வென்றவர்கள் தோற்றவர்களை வசைப்பாட்டுப் பாடித் தீர்ப்பார்கள். ஆனால் அதற்கென்று ஒரு நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது, பாட்டு என்ற கட்டு இருக்கிறது. அடுத்த முறை கொம்பு மாறி முறிந்தால் பாட்டும் மாறும். ஒரு தரப்பே எப்போதும் பாடிக்கொண்டிருந்தால் அது விளையாட்டாக இருக்காது.

இப்போது பாதி நக்கல் வாட்ஸ்அப் குடும்பக் குழுவில்தான் நடக்கிறது. அங்கே குரலும் இல்லை, முகமும் இல்லை. இரவு அனுப்பியதை மாமி காலையில் வேறு மனநிலையில் படிப்பார். அந்தப் பயத்தில் கடைசியில் நாலு சிரிப்பு முகங்களைப் போட்டு வைக்கிறோமே, அதுவும் விளக்கவுரைதான்.