ஒகேனக்கல்லுக்குக் குழந்தைகளோடு செல்வோர் கவனத்திற்கு

விடுமுறையில் பெரியப்பா, சித்தப்பா, அத்தை வீட்டார் எல்லோரும் தருமபுரியில் கூடினால், ஒகேனக்கல் போகலாம் என்ற பேச்சு வராமல் இருக்காது. கிளம்பும் முன், கர்நாடக எல்லையை ஒட்டிய பிலிகுண்டுலுவில் அளவிடப்படும் காவிரி நீர்வரத்து விநாடிக்கு எத்தனை கன அடி என்பதைக் காலைச் செய்தியில் பார்த்துவிடுங்கள்; வரத்து கூடினால் குளிக்கவும் பரிசல் இயக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதித்துவிடும். அன்று கிருஷ்ணகிரி அணைப் பூங்காவே போதும்.

கூட்டம் பெரிதாக இருக்கும்போது, யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொருவரும் நினைப்பதால்தான் குழந்தை கண்ணைவிட்டு நழுவுகிறது. ஆகவே எந்தக் குழந்தைக்கு எந்தப் பெரியவர் பொறுப்பு என்பதை வீட்டிலேயே பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். அவர் எண்ணெய் மசாஜுக்கோ குளிக்கவோ போவதாக இருந்தால், குழந்தையின் கையை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டே போக வேண்டும். குழந்தையின் முன்கையில் தொலைபேசி எண்ணைப் பேனாவால் எழுதி, ஈரத்தில் அழியாமல் இருக்க மேலே செலோடேப் ஒட்டுங்கள்.

பரிசலில் ஏறும் முன் உயிர்காப்பு உடையின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது காதுவரை ஏறினால் அந்த அளவு குழந்தைக்குப் பொருந்தாது. பொருத்தமானது கிடைக்காவிட்டால், எவ்வளவு அழுதாலும் பாட்டியோடு கரையிலேயே இருக்கட்டும். பென்னாகரம் தாண்டியதும் மலைப்பாதை வளைவுகள் தொடங்குவதால், காலை உணவாக ஓரிரு இட்லி மட்டும் கொடுங்கள். ஒகேனக்கல்லில் வாங்கும் வறுத்த மீனைப் பெரியவர்களே முள் நீக்கி ஊட்டுவது நல்லது.