போலந்து மெனு கார்டில் ஆங்கிலப் பெயரை நம்ப வேண்டாம்

போலந்தில் சாப்பிடப் போனால், மெனுவில் இருக்கும் ஆங்கிலப் பெயரை விட்டுவிட்டு போலிஷ் பெயரை அப்படியே போனில் தட்டிப் படங்களைப் பாருங்கள், தட்டில் என்ன வரும் என்று உடனே தெரிந்துவிடும். அங்கே பல பதார்த்தங்களுக்கு உருவத்தை வைத்துத்தான் பெயர்; அதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் 'குட்டிப் புறா' என்று நிற்கும், ஆனால் கோவோம்ப்கி என்ற அந்த அயிட்டம் முட்டைக்கோஸ் இலையில் அரிசியும் கொத்துக்கறியும் வைத்துச் சுருட்டி வேகவைத்தது. 'குட்டிக் குளம்பு' என்கிற கொப்பித்கா இன்னும் மோசம், முட்டை சாப்பிடும் சைவக்காரர்கள்கூடப் பெயரைப் பார்த்தே ஒதுக்கிவிடுவார்கள், அதுவோ உருளைக்கிழங்கும் மாவும் முட்டையும் சேர்த்துப் பிசைந்த கொழுக்கட்டை (மேலே பன்றிக்கொழுப்பு வறுவல் தூவுவதுண்டு, அதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்). தக்காளி சூப் மாதிரி நேரடிப் பெயர்களுக்கு இந்த வேலை தேவையில்லை. ஆனால் அந்த சூப் இறைச்சி வேகவைத்த சாற்றில் செய்ததா என்பதைப் படம் காட்டாது, அதை மட்டும் வாய்விட்டுக் கேட்டே ஆக வேண்டும்.