குடும்பத்தோடு நெடுந்தூரக் கார்ப் பயணம்: பாதையைத் தேர்ந்தெடுப்பது எப்படி? (சென்னை – இராமேஸ்வரம் எடுத்துக்காட்டுடன்)

சென்னையிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் காரில் போக மூன்று வழிகள் இருக்கின்றன. திருச்சி, மதுரை வழியாகப் பெரும்பாலும் நான்கு வழிச்சாலையில் போனால் ஏறக்குறைய 630 கிலோமீட்டர். திருச்சியில் பிரிந்து புதுக்கோட்டை, திருமயம், காரைக்குடி, தேவகோட்டை, இராமநாதபுரம் என்று போனால் சுமார் 560. புதுச்சேரி, சிதம்பரம், நாகப்பட்டினம், தொண்டி என்று கடலை ஒட்டியே போனால் 600 அளவில் வரும். கைப்பேசி வரைபடத்தில் கேட்டால் எது சீக்கிரம் போய்ச் சேரும் என்று கணக்கிட்டு ஒன்றைக் காட்டும். என் அம்மாவுக்கு 72 வயது, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்காவிட்டால் முழங்கால் மடங்காது என்பது அதற்குத் தெரியாது. சின்ன மகளுக்கு வளைவுகளில் குமட்டும் என்பதும் தெரியாது. அதனால்தான் பாதையைத் தேர்ந்தெடுக்கும் வேலையை நான் வரைபடத்திடம் விடுவதில்லை. முதன்முறை குடும்பத்தோடு நெடுந்தூரம் கிளம்புகிறவர்களுக்காக, நான் செய்யும் முறையை அப்படியே எழுதுகிறேன்.

முதல் படி: வரைபடத்தைத் திறக்காதீர்கள்

ஒரு தாளில் காரில் வரப்போகிறவர்களின் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர் இறங்காமல் எவ்வளவு நேரம் உட்கார முடியும் என்று குறியுங்கள். அந்தப் பட்டியலில் எது மிகக் குறைவோ அதுதான் உங்கள் பயணத்தின் அளவுகோல். எங்கள் வீட்டில் அது அம்மாவின் ஒன்றரை மணி நேரம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இன்னும் குறையும்.

அடுத்து, யார் ஓட்டப்போகிறார்கள்? ஒருவர் மட்டுமே என்றால் ஒரு நாளில் ஆறு மணி நேரம் சக்கரம் உருளலாம், ஏழு என்பது உச்சம். நெடுஞ்சாலையில் ஓட்டிப் பழகிய இருவர் மாறி மாறி ஓட்டினால் எட்டு, ஒன்பது வரை போகலாம். "ஒரே மூச்சில் போய்விடலாம்" என்று சொல்லும் உறவினர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அவர் தனியாகப் போகும்போது அப்படிப் போகட்டும். பின்இருக்கையில் மூன்று தலைமுறை தூங்கிக்கொண்டிருக்கும் காரை அப்படி ஓட்டக்கூடாது.

இரண்டாம் படி: கிலோமீட்டரை மணி நேரமாக மாற்றுங்கள்

புதிதாகக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். நான்கு வழிச்சாலையில் முள் 90ஐத் தொட்டாலும், சுங்கச்சாவடி, ஊர்ச் சந்திப்பு, தேநீர், கழிப்பறை எல்லாம் சேர்ந்தால் மணிக்கு 55 முதல் 60 கிலோமீட்டர்தான் கைக்கு வரும். ஊர்களுக்குள் நுழைந்து போகும் இருவழிச் சாலையில் 40 முதல் 45. மலைப்பாதையில் 20 முதல் 25. நான் குடும்பத்தோடு ஓட்டிப் பார்த்துப் பிடித்துக்கொண்ட கணக்கு இது. உங்கள் ஓட்டத்துக்கேற்ப இரண்டு மூன்று கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கில் காரைக்குடி வழியாக 560 கிலோமீட்டர் என்பது பத்து மணி நேரத்துக்கு மேல். கடலோர வழி 13, 14 மணி நேரம். இரண்டுமே ஒரே ஓட்டுநருக்கு ஒரு நாள் வேலை இல்லை. ஆகவே நடுவில் ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும். அது முடிவாகிவிட்டால் 40 கிலோமீட்டர் வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. எந்த வழியில் தங்க நல்ல ஊர் இருக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

மூன்றாம் படி: எந்தக் கதவு எப்போது மூடும்?

நம் ஊர்ப் பயணங்களில் கோயில் நடை சாத்தும் நேரம் பாதையையே மாற்றிவிடும். பெரும்பாலான கோயில்களில் நண்பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்தினால் மாலை நான்கு மணிக்குத்தான் மறுபடி திறப்பார்கள். பன்னிரண்டே முக்காலுக்குப் போய் நின்றால், மே மாத வெயிலில் மூன்று மணி நேரம் பெரியவர்களோடு எங்கே உட்கார்வது? அதனால் வழியில் பார்க்க விரும்பும் கோயில்களை முதலில் எழுதி, அவற்றின் நேரத்தைப் பக்கத்தில் குறித்து, அதற்கேற்பப் புறப்படும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

சாலைகளுக்கும் பூட்டு உண்டு. பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை வாகனங்கள் போக முடியாது; மைசூரிலிருந்து ஊட்டி வழியாகத் திரும்ப நினைப்பவர்கள் இதை மறந்தால் குண்டல்பேட்டையில் இரவைக் கழிக்க நேரிடும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, இ-பாஸ் முறை வந்தது; கிளம்பும் முன் அப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் பாதையில், தனுஷ்கோடிக்குள் மாலைக்கு மேல் விடமாட்டார்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த அந்த ஊரின் தேவாலயச் சுவர்களைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் காலையிலேயே போய்விடுவது நல்லது.

நான்காம் படி: இப்போது வரைபடத்தைத் திறக்கலாம்

செயலியில் புறப்படும் நாளையும் நேரத்தையும் குறிப்பிடும் வசதி இருக்கிறது. ஞாயிறு இரவு வீட்டில் உட்கார்ந்துகொண்டு "இப்போது" என்று தேடினால் வரும் நேரம், செவ்வாய் காலைக்குப் பொருந்தாது. நீங்கள் போக விரும்பும் ஊர்களை ஒவ்வொன்றாக நிறுத்தங்களாகச் சேர்த்து, பாதையை நீங்களே கட்டுங்கள். பிறகு செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றி, உங்களுக்குத் தெரியாத பகுதிகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் தடுப்பு இருக்கிறதா, வீடுகள் சாலையை ஒட்டி நிற்கின்றனவா, ஆற்றின் குறுக்கே பாலம் முழுதாக இருக்கிறதா என்பதெல்லாம் ஓரளவு தெரியும். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் ராம்கங்கா ஆற்றின் மேல், வெள்ளத்தில் ஒரு பகுதி இடிந்து கிடந்த பாலத்தில் ஏறிய கார் கீழே விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். கைப்பேசி காட்டிய வழியை நம்பி வந்தார்கள் என்பதே அப்போது வந்த செய்தி.

எனக்கு நேர்ந்தது சிறியதுதான், ஆனால் மறக்கவில்லை. ஒரு தை மாதம் கும்பகோணம் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது செயலி "12 நிமிடம் மிச்சம்" என்று ஒரு குறுக்கு வழியைக் காட்டியது. திரும்பினேன். சம்பா அறுவடை நேரம். இரண்டு கிலோமீட்டருக்குப் பிறகு பாதிச் சாலையில் நெல் காய்ந்துகொண்டிருந்தது, மீதிப் பாதியில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் எதிரே வந்தது. பின்னோக்கியே போய் வாய்க்கால் ஓரமாக ஒதுங்கி, மறுபடி பெரிய சாலையைப் பிடிக்க ஒன்றேகால் மணி நேரமானது. சின்னவள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். அதற்குப் பின் எனக்கு ஒரு விதி: பயணத்தின் நடுவில் செயலி காட்டும் குறுக்கு வழி அரை மணி நேரத்துக்குக் குறைவாக மிச்சப்படுத்துமானால் திரும்புவதில்லை. அதற்கு மேல் மிச்சம் என்றால்கூட, டீக்கடையில் நிற்கும் லாரி ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகுதான் திரும்புவேன். எங்கே பாலம் கட்டுகிறார்கள், எங்கே மாற்றுப்பாதை என்பதை அன்றைய நிலவரப்படி அவர்கள் சொல்வதுபோல் வேறு யாராலும் சொல்ல முடியாது.

சுங்கக் கட்டணத்தையும் இப்போதே கூட்டிப் பார்த்துவிடுங்கள். திருச்சி வரைக்குமே பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, உளுந்தூர்பேட்டைக்கு அப்பால் செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று வரிசையாக வரும். அடிக்கடி போகிறவர்களுக்கு 2025 ஆகஸ்ட் 15 முதல் ஃபாஸ்டேக் ஆண்டுப் பாஸ் இருக்கிறது (தொடங்கியபோது 3,000 ரூபாய்): ஓராண்டு அல்லது 200 முறை, எது முன்னதோ அதுவரை. தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளுக்கு மட்டுமே அது பொருந்தும்.

ஐந்தாம் படி: மெதுவான பாதை போகும்போது, நேரான பாதை திரும்பும்போது

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்று நெடுஞ்சாலையில் பறந்துவிட்டு, "திரும்பும்போது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வரலாம்" என்கிறார்கள். திரும்பும்போது யாருக்கும் பார்க்கும் மனம் இருக்காது. அழுக்குத் துணி மூட்டை, தூக்கம் கெட்ட பிள்ளைகள், திங்கட்கிழமை பற்றிய நினைப்பு. உடம்பில் தெம்பும் கண்ணில் ஆர்வமும் இருப்பது முதல் இரண்டு நாள்தான். எனவே போகும்போது கடலோரம், திரும்பும்போது திருச்சி. எங்கள் திட்டம் இப்படி அமைந்தது.

செவ்வாய் காலை ஐந்து மணிக்குப் புறப்பாடு. நடுவில் ஒரு தேநீர். எட்டு மணிக்குப் புதுச்சேரியில் இட்லி, பொங்கல். பத்தரைக்குச் சிதம்பரம், நடை சாத்துவதற்கு முன் நிதானமாகத் தரிசனம். மதிய உணவுக்குப் பிறகு தங்கும் விடுதி ஒன்றில் இரண்டு மணி நேரத்துக்கு ஓர் அறை எடுத்து அம்மாவைப் படுக்கவைத்தோம். செலவுதான், ஆனால் அந்தப் பயணத்தில் நாங்கள் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று. மூன்றரை, நான்கு மணிக்குத் தரங்கம்பாடி. டென்மார்க்குக்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டைக்கு முன்னால் கடற்காற்று வீசும் நேரம் அது. இருட்டுவதற்கு முன் வேளாங்கண்ணியில் இரவுத் தங்கல்.

மறுநாள் பாதை எனக்கு மிகவும் பிடித்தது. திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பிறகு மல்லிப்பட்டினத்தை ஒட்டி மனோரா. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாடத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கடற்கரையில் எழுப்பிய எட்டடுக்குக் கோபுரம். ஐரோப்பாவில் நடந்த போருக்கு இங்கே, மீனவர் குப்பங்களுக்கு நடுவே ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது என்றதும் பெரியவன் கேட்ட கேள்விகள் மணமேல்குடி வரை நிற்கவில்லை. அதன்பின் மீமிசல், தொண்டி, தேவிபட்டினம், இராமநாதபுரம், பாம்பன். இந்தப் பகுதியில் பெரிய உணவகங்களும் சுத்தமான கழிப்பறைகளும் தொலைவில் தொலைவில்தான் இருக்கும். நாகப்பட்டினத்திலேயே எரிபொருளை நிரப்பிக்கொண்டு, மதிய உணவைக் கையில் கட்டிக்கொள்ளுங்கள். பொழுது சாய்ந்த பிறகு மாடுகள் சாலையிலேயே படுத்துக்கொள்ளும்; பின்விளக்கு இல்லாத டிராக்டர்களும் வரும். இந்தச் சாலையைப் பகலில் மட்டும் ஓட்டுங்கள்.

வியாழன் முழுவதும் இராமேஸ்வரம். வெள்ளிக்கிழமை பிள்ளையார்பட்டி, காரைக்குடியில் சாப்பாடு, திருமயம் கோட்டை என்று 235 கிலோமீட்டர் ஓட்டித் திருச்சியில் தங்கல். சனிக்கிழமை சென்னை. ஞாயிறு மாலை திரும்பக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பேன். விடுமுறை முடிகிற ஞாயிறன்று செங்கல்பட்டிலிருந்து பெருங்களத்தூர் வரை வண்டிகள் நகர்வதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும்.

ஆறாம் படி: சூரியன் எந்தப் பக்கம்?

இதை யாரும் சொல்லித்தருவதில்லை. காலையில் தெற்கே போனால் வெயில் இடப்பக்கம் விழும். குளிர்சாதனம் ஓடினாலும் இடது சன்னலோரம் இருப்பவருக்குச் சுடும். அம்மாவை வலப்பக்கம் உட்காரவையுங்கள். திருச்சியிலிருந்து வடகிழக்காகச் சென்னை திரும்பும்போது, காலை ஏழு எட்டு மணிக்குச் சூரியன் ஓட்டுநரின் முகத்திலேயே அடிக்கும். அதனால் அன்று காலை உணவை விடுதியிலேயே முடித்துவிட்டு எட்டரைக்கு மேல் கிளம்பினோம். இராமேஸ்வரத்திலிருந்து மேற்கே திரும்புவது மாலையில் என்றால் அதே தொல்லை, இன்னும் கடுமையாக.

அதிகாலை இரண்டு மூன்று மணிக்குக் கிளம்பும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. மூட்டை கட்டி முடிக்கவே இரவு பதினொன்றாகும். மூன்று மணி நேரத் தூக்கத்தோடு இருட்டில் ஓட்டுவது, சாலை காலியாக இருக்கிறது என்பதற்காகச் செய்யக்கூடிய காரியம் அல்ல. மூட்டையை முந்தின நாள் மதியமே கட்டிவிட்டு ஒன்பது மணிக்குப் படுத்தால் ஐந்து மணிக்குத் தெளிந்த கண்ணோடு கிளம்பலாம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். அப்போது கடலோர வழியையே தேர்ந்தெடுக்காதீர்கள்.

ஏழாம் படி: விலகும் இடங்கள்

எவ்வளவு யோசித்தாலும் வழியில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போகலாம். பாதையில் எங்கெல்லாம் பெரிய மருத்துவமனை இருக்கிறது, எங்கிருந்து நெடுஞ்சாலைக்குக் குறுக்கே போகலாம் என்று முன்பே குறித்துவையுங்கள். எங்கள் தாளில் புதுச்சேரிக்கு எதிரே ஜிப்மர் என்றும், அங்கிருந்து விழுப்புரம் போனால் நான்கு வழிச்சாலை என்றும் எழுதியிருந்தேன். நாகப்பட்டினத்துக்கு எதிரே, திருவாரூர் வழியாகத் தஞ்சாவூர், அங்கே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று இருந்தது. தாளின் மேலே 108. அதன் கீழே, தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் அழைக்க 1033.

வரைபடத்தை இணையம் இல்லாமல் பார்க்கும்படி முதல் நாளே கைப்பேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். ஆனால் தாளைக் கைவிடாதீர்கள். அதை ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்காருபவரிடம் கொடுங்கள். எங்கள் காரில் அது பெரியவனின் பொறுப்பு. அடுத்த நிறுத்தம் எது, பாட்டி இறங்க இன்னும் எத்தனை நிமிடம் என்று அவன்தான் சொல்வான். நான் சாலையை மட்டும் பார்ப்பேன்.