நமக்கு நாமே ஒரு 'ங்க' போட்டுப் பேசுவது எப்படி?

பஸ் கண்டக்டரிடம் "சில்லறை இல்லீங்க" என்போம். சந்தையில் தக்காளிக்காரரோடு சண்டை என்றாலும் "ஏனுங்க இப்படிப் பண்றீங்க" என்றுதான் ஆரம்பிப்போம். கைக்குழந்தையைக்கூட "வாங்க சாமி" என்று கூப்பிடுகிற கொங்குச் சீமை இது. அதே வாய் தனக்குத்தானே பேசும்போது எப்படிப் பேசுகிறது என்பதை நாற்பத்து நாலு வயசில்தான் கவனித்தேன். "எருமை. ஒரு வேலைக்கும் லாயக்கில்ல. உனக்கெல்லாம் எதுக்குச் சோறு?"

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் எனக்கு இருபத்திரண்டு வருசம். செக்கிங்கில் சேர்ந்து, செக்கிங் சூப்பர்வைசர் ஆனேன். 2019-ல் ஒரு ஷிப்மெண்டில் எம் சைஸ் பனியனில் எல் லேபிள் தைத்துவிட்டார்கள். ஆயிரத்துச் சொச்சம் பீஸ். பெட்டி கட்டின பிறகுதான் என் கண்ணில் பட்டது. லைனில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் நிற்க வைத்து மேனேஜர் கத்தினார். ரெண்டு ராத்திரி உட்கார்ந்து பிரித்து மாற்றி, சரக்கு தூத்துக்குடி போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம் போன் அடித்தாலே வயிற்றைப் பிசையும். மூணு மணிக்கு முழிப்பு வந்துவிடும். பல் டாக்டர், "ராத்திரியில் பல்லைக் கடிக்கிறீங்களா? இவ்வளவு தேஞ்சிருக்கே" என்றார்.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன். "இதுக்கு முன்னாடி எப்பங்க இந்த மாதிரி வயிறு பிசைஞ்சுது?" என்று கேட்டார். யோசிக்காமல் வாயில் வந்த பதில், "டிவிஎஸ் ஃபிப்டி சத்தம்."

அப்பாவின் வண்டி அது. வீட்டுக்கு வருகிற இட்டாரியில், அதாவது வேலிகளுக்கு நடுவே போகிற தடத்தில், திரும்பும்போது அவர் ஆக்சிலேட்டரை முறுக்குகிற முறுக்கிலேயே அன்றைக்கு எவ்வளவு குடித்திருக்கிறார் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். நான் தம்பியை இழுத்துக்கொண்டு கட்டுத்தரையில் எருமைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வேன். அவர் போய்ச் சேர்ந்து பதினைந்து வருசம் ஆகிறது. என் வயிற்றுக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

ஆபத்து என்று மூளை நினைத்தால், சிறுநீரகத்துக்கு மேலே குல்லா மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்ட்டிசாலையும் விடுகின்றன. நெஞ்சு அடித்துக்கொள்ளும், செரிமானம் மந்தமாகும். நாய் துரத்தும்போது ஓடுவதற்கு இது வேண்டும்தான். சின்ன வயசிலிருந்து தினம் தினம் துரத்தினால், நாய் இல்லாதபோதும் உடம்பு ஓடுகிற நிலையிலேயே நிற்கப் பழகிவிடுகிறது. பிரிட்டனைச் சேர்ந்த உளவியலாளர் பால் கில்பர்ட் சொல்வது எனக்குச் சுருக்கென்று பட்டது: நம்மை நாமே திட்டிக்கொள்ளும்போதும் அதே ஆபத்து மணிதான் அடிக்கிறது. அந்த மேனேஜர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அவர் விட்டுப்போன வேலையைச் சம்பளமில்லாமல் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, நான் செய்ததைச் சொல்கிறேன்.

முதல் நாள் எதையும் மாற்ற வேண்டாம், எண்ணினால் போதும். பீஸ் எண்ணுகிற தாளின் பின்பக்கத்தில், என்னைத் திட்டிக்கொண்ட ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் பத்தொன்பது கோடு. அதைப் பார்த்து இன்னொரு தடவை திட்டிக்கொண்டேன். அதற்கும் ஒரு கோடு.

அடுத்தது உடம்பு. டீ டைமில் மூணு நிமிசம் போதும். செருப்பைக் கழற்றிவிட்டு ரெண்டு பாதத்தையும் தரையில் பதிய வையுங்கள். உள்ளங்கையை நெஞ்சில் வையுங்கள். நெஞ்சில் வைத்தால் மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தால் (எனக்கு அப்படித்தான் இருந்தது) மேல்கையைப் பிடித்துக்கொள்ளலாம். நாலு எண்ணி இழுத்து, ஆறோ ஏழோ எண்ணி விடுங்கள். மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தால், மூச்சை விடும்போது நாடி கொஞ்சம் நிதானப்படுவது தெரியும். கண்ணை மூடச் சொல்வார்கள். எருமைக்குப் பின்னால் ஒளிந்து வளர்ந்தவர்களுக்குக் கண்ணை மூடினால் பயம்தான் வரும். திறந்தே இருக்கட்டும்.

அதற்கப்புறம் மூணு வாக்கியம். அமெரிக்காவில் கிறிஸ்டின் நெஃப் என்கிற ஆராய்ச்சியாளர் தன்னிடம் கருணை காட்டுவது பற்றி 2003-லேயே எழுதினார். அதை மூணு கூறாகப் பிரித்தார்: படுகிற வேதனையை உள்ளபடி பார்ப்பது, இது மனுசப் பிறவி எல்லோருக்கும் உள்ளது என்று உணர்வது, தன்னிடம் அன்பாக இருப்பது. எங்கள் பேச்சில் நான் இப்படி மாற்றிக்கொண்டேன்:

"இப்ப வெசனமா இருக்குதுங்க."
"எனக்கு மட்டும் இல்லீங்க."
"சித்த உக்காருங்க அம்மிணி."

முதல் ரெண்டும் சீக்கிரம் வந்துவிட்டன. ரெண்டாவதற்கு எங்கள் செக்கிங் டேபிளே போதும். எட்டுப் பேரில் ஆறு பேருக்கு ஒரு டிவிஎஸ் ஃபிப்டி கதை உண்டு. மூணாவதுதான் ஒரு மாசம் இழுத்தது. நம்மை நாமே அம்மிணி என்று கூப்பிட நாக்கு கூசும். அப்போது ஆலோசகர், "உங்களை அப்படிக் கூப்பிட்டவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார். காங்கேயத்தில் என் அம்மிச்சி, அம்மாவின் அம்மா. லீவுக்குப் போனால் ஒரு கேள்வியும் கேட்காமல் அரிசிம்பருப்புச் சோற்றில் நெய் ஊற்றி வைத்து, "தின்னுங்க அம்மிணி" என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அந்தக் குரலைக் கடன் வாங்கிக்கொண்டேன். அப்படி ஒருத்தரும் அமையாதவர்கள், வேலைக்கு வந்த முதல் நாளே ஊசியை உடைத்துவிட்டு அழுகிற பிள்ளையிடம் என்ன சொல்வீர்களோ, அதைத் தனக்குச் சொல்லலாம்.

அப்படியானால் தப்பே பண்ணவில்லை என்று சொல்லிக்கொள்வதா? இல்லை. செக்கிங்கில் தையல் விட்டிருந்தால் அந்த இடத்தில் ஒரு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஆல்டருக்கு, அதாவது திருத்தித் தைக்க, அனுப்புவோம். பனியனையே கிழிப்பதில்லை. லேபிள் விசயத்தில் என் ஸ்டிக்கர் இது: பெட்டி கட்டுகிறதுக்கு முன்னால் ஒரு தடவை சைஸ் பார்க்கவில்லை. இப்போது பார்க்கிறேன்.

வீட்டுக்காரர், "இப்படிக் கொஞ்சிக்கிட்டா சோம்பேறி ஆயிருவே" என்றார். "நம்ம மாட்டை ஒரு நாளைக்கு எத்தனை அடி அடிக்கிறீங்க?" என்று கேட்டேன். கொள்ளு வைக்க எழுந்து போய்விட்டார்.

ஒரு எச்சரிக்கை. மூணாவது வாரம் டிபன் கேரியர் கழுவும்போது காரணமே இல்லாமல் அழுகை பொங்கி வந்தது. இந்த வித்தையே எனக்கு ஒத்துவரவில்லை என்று நினைத்தேன். பஞ்சுப் பொதிக்குள் கனன்றுகொண்டிருக்கிற தீ, பொதியைப் பிரித்ததும் காற்றுப்பட்டுக் குப்பென்று பிடிக்கும், பார்த்திருப்பீர்கள். கிறிஸ்டஃபர் ஜெர்மர் என்ற உளவியலாளரும் அடைத்த அறையின் கதவைத் திறந்ததும் சீறுகிற தீயைத்தான் இதற்கு உவமை சொல்கிறார். இத்தனை வருசம் அன்புபடாத இடத்தில் அன்பு படும்போது பழைய வலி எழும். அப்போது வாக்கியங்களை விட்டுவிடுங்கள். முகத்தில் பச்சைத் தண்ணீர் அடியுங்கள், கண்ணில் படுகிற நூல் கோன்களின் நிறத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். மறுநாள் அரை நிமிசம் மட்டும் செய்யுங்கள். வீரம் வேண்டாம்.

பழைய சம்பவம் கண்முன் திரும்பத் திரும்ப ஓடுகிறது, வாரக்கணக்கில் தூக்கமில்லை, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என்றால் நான் சொன்னதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். 14416-ஐக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய இலவச எண். ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். நானே எட்டு மாசம் மாத்திரை சாப்பிட்டேன். டாக்டர் சொன்ன பிறகுதான் நிறுத்தினேன். வீட்டில் இன்றைக்கும் அடி விழுகிறது என்றால் மூச்சுப் பயிற்சி அப்புறம். முதலில் 181, பெண்களுக்கான உதவி எண்.

போன வாரம் விடியற்காலம் எங்கள் சந்தில் ஒரு டிவிஎஸ் ஃபிப்டி திரும்பியது. வயிறு பழையபடி ஒரு முறுக்கு முறுக்கியது. கை தன்னால் மேல்கையைப் போய்ப் பிடித்தது. "பால்காரருங்க அம்மிணி" என்றேன். மணி நாலே முக்கால். இன்னும் அரை மணி நேரம் இருந்தது. திரும்பிப் படுத்துக்கொண்டேன்.