கமாண்ட் லைனில் எண் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சி மொழியில் ஒரு சின்ன சர்வர் எழுதுகிறீர்கள். எந்தப் போர்ட்டில் ஓட வேண்டும் என்பதை --போர்ட் 8080 என்று கமாண்ட் லைனில் வாங்குகிறீர்கள். வந்ததை, எழுத்துச் சரத்தை முழு எண்ணாக மாற்றும் ஏடூஐ ஃபங்ஷனிடம் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். ஆனால் பயனர் அவசரத்தில் முதல் சைபருக்குப் பதிலாக ஆங்கில எழுத்து ஓ-வைத் தட்டிவிட்டார் என்று வையுங்கள். ஏடூஐ மூச்சு விடாது. படிக்க முடிந்த வரை படித்துவிட்டு 8 என்று திருப்பித் தரும். எண்ணே இல்லாமல் "எட்டாயிரம்" என்று கொடுத்தால் 0 வரும். நிஜமாகவே 0 கேட்டவரையும் உளறிக் கொட்டியவரையும் பிரித்துப் பார்க்க வழியே இல்லை. இன்ட் என்ற முழு எண் டைப்பில் அடங்காத பெரிய எண் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு சி தரநிலை எந்த உத்தரவாதமும் தருவதில்லை. கமாண்ட் லைன் பக்கம் ஏடூஐ வரவே கூடாது என்பது என் கட்சி.

சரி, அதே வேலையைப் பிழை சோதிக்கும் வசதியோடு செய்யும் ஸ்டர்டோல் ஃபங்ஷனுக்கு மாறிவிட்டால் போதுமா? மாறியவர்களில் பலர் அதையும் ஏடூஐ மாதிரியேதான் கூப்பிடுகிறார்கள். அதன் இரண்டாவது ஆர்க்யுமென்ட்டில் 'நல்' எனும் வெற்றுப் பாயின்டரைக் கொடுத்துவிட்டால், எந்த இடத்தில் படிப்பதை நிறுத்தியது என்ற தகவல் போய்விடும். நிறுத்திய இடத்தைக் காட்டும் அந்த எண்ட் பாயின்டர் ஆரம்பத்திலேயே நின்றிருந்தால் எண் எதுவும் கிடைக்கவில்லை. சரத்தின் முடிவுக்கு முன்பே நின்றிருந்தால் பின்னால் குப்பை ஒட்டியிருக்கிறது. இரண்டையும் பார்க்க வேண்டும். வரம்பு மீறினால், பிழைக் குறியீட்டை வைத்திருக்கும் எர்நோவில் ஈரேஞ்ச் என்ற குறியீடு விழும். ஆனால் கூப்பிடுவதற்கு முன் எர்நோவை 0 ஆக்குவது நம் பொறுப்பு. இல்லையென்றால் எங்கேயோ எப்போதோ நடந்த பழைய பிழையை இதன் தலையில் கட்டிவிடுவோம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஸ்டர்டோல் தருவது லாங் என்ற முழு எண் டைப். 64 பிட் லினக்ஸில் அது 64 பிட், விண்டோஸில் 32 பிட்தான். அதை யோசிக்காமல் சின்ன டைப்பில் போட்டால் மேல் பிட்டுகள் உதிர்ந்துவிடும். போர்ட் 70000 என்று கேட்டவருக்கு 16 பிட்டில் வெட்டுப்பட்டு 4464-இல் சர்வர் எழும்பும். லாங்காக இருக்கும்போதே 1 முதல் 65535 வரைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் மாற்றுங்கள். குறியில்லாத எண்தானே வேண்டும் என்று ஸ்டர்டோலின் குறியில்லாத வடிவமான ஸ்டர்டவுலிடம் போனால், -1 கொடுத்தாலும் அது பிழை சொல்லாது. 64 பிட் லினக்ஸில் 18446744073709551615 என்று சிரித்துக்கொண்டே நீட்டும்.

எண்ணை எந்த எண்முறையில் படிப்பது என்று ஸ்டர்டோலுக்குச் சொல்லும் அடிமானத்தை 0 என்று கொடுப்பதும் வம்புதான். 010 என்று எழுதினால் எட்டை அடிமானமாகக் கொண்ட எண்ணாக எடுத்துக்கொண்டு 8 என்று சொல்லும். கோ மொழியில் கமாண்ட் லைன் ஆப்ஷன்களைப் படிக்கும் ஃப்ளாக் பேக்கேஜும் இப்படித்தான். பயனர் பெரும்பாலும் பத்தைத்தான் நினைத்திருப்பார், ஆகவே 10 என்றே கொடுங்கள்.

பைத்தானில் கமாண்ட் லைனைப் படித்துத் தரும் ஆர்க்பார்ஸ் மாட்யூல் பாதி பாரத்தைச் சுமந்துவிடும். டைப் இன்ட் என்று சொன்னால் தப்பான எழுத்துக்குப் பிழை காட்டி, எக்ஸிட் கோடு 2 உடன் வெளியேறும். ஆனால் 1_000 என்பதை ஆயிரமாக ஏற்கும். தமிழ் எண் ௧௨ கொடுத்தாலும் பன்னிரண்டு என்று புரிந்துகொள்ளும்! பத்தைக் குறிக்கும் ௰ மட்டும் அதற்குத் தெரியாது, பிழை என்று சொல்லிவிடும். வேடிக்கை இருக்கட்டும், வரம்பை அது தானாகப் பார்க்காது. வொர்க்கர் எண்ணிக்கை -5 என்றாலும் வாங்கிக்கொள்ளும்.

பைத்தானில் அதைவிட அதிகம் கண்ணில் படுவது இது: டைம்அவுட் தரப்படாவிட்டால் 30 என்பதை 'ஆர்' போட்டு ஒரே வரியில் எழுதுவது. பயனர் வேண்டுமென்றே 0 கொடுத்தால், 0 பொய்யாகக் கருதப்பட்டு 30 ஆகிவிடும். தரப்படவில்லை என்பதை, மதிப்பே இல்லை என்று குறிக்கும் 'நன்' கொண்டு சோதியுங்கள். அந்த 30 நொடியா மில்லிநொடியா என்பதை ஹெல்ப்பில் சொல்லிவிடுங்கள். ஆப்ஷன் பெயரிலேயே அலகு இருந்தால் இன்னும் நல்லது.

பிழைச் செய்தியில் "தவறான மதிப்பு" என்று மட்டும் போட்டால் யாருக்கும் பயனில்லை. "--போர்ட் 70000: 1 முதல் 65535 வரை இருக்க வேண்டும்" என்று எந்த ஆப்ஷன், என்ன வந்தது, எது செல்லும் என மூன்றையும் சொல்லுங்கள். அது ஸ்டாண்டர்ட் எரருக்குப் போக வேண்டும். ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் எழுதினால், பைப் போட்டிருப்பவரின் அடுத்த நிரல் அந்தச் செய்தியையே டேட்டாவாக விழுங்கிவிடும்.