போர்டில் படிந்த ஃப்ளக்ஸ்: என் அனுபவம்
பல்லடம் பக்கம் எங்கள் தோட்டத்து போர்வெல் மோட்டாரின் ஆட்டோ ஸ்விட்ச் போர்டில் ரிலே (மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் மின் சுவிட்ச்) மாற்றிச் சால்டர் (ஈயப் பற்று) வைத்தேன். வெயிலில் ஒழுங்காக ஓடியது. ஐப்பசி மழை பிடித்ததும் மோட்டார் தானாக ஆன் ஆனது. ரிலேயின் கம்பிக் கால்களுக்கு நடுவே படிந்த ஃப்ளக்ஸ் (சால்டர் நன்றாகப் பிடிக்கப் போடும் பிசின் போன்ற பொருள்) ஈரத்தை இழுத்துக் கரண்ட் கசிந்திருக்கிறது.

முதலில் கைக்குப் போடும் சானிடைசரால் துடைத்தது தப்பு. அதில் தண்ணீரும் கிளிசரினும் உண்டு; பிசுபிசுப்புதான் மிஞ்சியது. அப்புறம் கோயமுத்தூரில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கி வந்தேன். மெயினை அணைத்து, போர்டைக் கழற்றிச் சாய்த்துப் பிடித்து, பழைய பல் பிரஷால் தேய்த்தேன். ஆல்கஹால் ஃப்ளக்ஸைக் கரைக்குமே தவிர அகற்றாது. காய்வதற்குள் நூல் பிரியாத பனியன் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், இல்லையென்றால் வெள்ளையாகப் பூக்கும். இரண்டாம் முறை புது ஆல்கஹாலில் கழுவினேன். ரிலேக்குள் இறங்க விடாதீர்கள். பக்கத்தில் நெருப்பும் ஆகாது.

நன்றாகக் காயவிட்டு மாட்டினேன். கார்த்திகை மழையிலும் தொந்தரவில்லை.